வக்கீல் வைத்து மனைவியை வரவழைத்த கதை

லிப்ட் மெக்கானிக் ஒருவன் தன் மனைவியைத் தன் வீட்டுக்கு அழைத்துவர விரும்பினான். சாதாரணமாக இதை யாரும் கதையாக எழுத மாட்டார்கள். மனைவி வேறு நாட்டுக்காரி என்பதால் இதில் அரசாங்கம் வந்து சேர்ந்தது. அரசாங்கம் வந்ததால் கதையும் ஆயிற்று.

அவள் பல் செட் செய்கிறவள். அவளுடைய ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், மற்றவர்கள் வாயில் இருக்க வேண்டிய பற்களை மேஜைமீது வரிசையாக வைத்து ராவிக்கொண்டிருப்பாள். அந்த ஆஸ்பத்திரியில் லிப்ட் மாட்ட அவனைக் கம்பெனி அனுப்பியிருந்தது. மாட்டிய மூன்றாம் நாள் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே அவள் மட்டும், கையில் ஒரு தட்டு நிறையப் பற்களோடு. அவள் பயந்துவிடக் கூடாதே என்று அவன் கதவிடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேச்சுக் கொடுத்தான். அவள் பயப்படவில்லை. அவனுடைய கீழ்வரிசையில் ஒரு பல் கோணலாக இருப்பதை அந்த இடுக்கு வழியாகவே பார்த்துச் சொன்னாள்.

எட்டு மாத வேலை பதினாறு மாதம் இழுத்தது. அந்த லிப்ட் அவ்வளவு மோசமானதல்ல என்று கம்பெனியில் இன்றும் சொல்கிறார்கள். அவள் அதற்குள் அவனிடம் தமிழ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அவளுடைய ஊர்ப் பதிவாளர் முன்னிலையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊர் திரும்பும்போது அவன் அவளிடம், "போனதும் பேப்பரைப் போட்டுடறேன். ரெண்டு மாசத்துல நீ வந்துடலாம்" என்றான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. தெரியாமல் சொன்னதுதான்.

'வெளிநாட்டுத் துணைவர் உறவு மெய்ம்மைச் சரிபார்ப்புப் பிரிவு' நாலாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் லிப்டில் 'பழுது, ஆய்வில் உள்ளது' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டை மஞ்சளாகி, நாலு மூலையும் சுருண்டிருந்தது. மெக்கானிக் அதை ஒரு நிமிடம் தொழில்முறையில் பார்த்துவிட்டுப் படியேறினான்.

அங்கே இருந்த மதிப்பீட்டாளருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனா. அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து மற்றவர்களின் கல்யாணங்களைச் சரிபார்த்ததில், தனக்கென்று ஒன்று செய்துகொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மெக்கானிக் நீட்டிய தாள்களை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"ஆமா சார். பதினோரு பக்கம். கல்யாணப் பதிவுச் சான்று, ரெண்டு பேர் பாஸ்போர்ட் நகல், என் சம்பளச் சான்று, வீட்டு ஒப்பந்தம், நாலு போட்டோ. அறிவிப்புப் பலகையில போட்டிருந்ததெல்லாம் இருக்கு."

"பலகையில போட்டிருக்கறது குறைந்தபட்சம்" என்றார் மதிப்பீட்டாளர். பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "ஏர்போர்ட்ல பெட்டியைத் திறந்து பாக்கறாங்க இல்லையா, அது மாதிரி நாங்க மனசைத் திறந்து பாக்கறோம். ஆனா மனசுக்கு ஜிப் கிடையாது. அதனாலதான் காகிதம் கேக்கறோம். நீங்க உங்க மனைவியை நேசிக்கறீங்க. பாத்தாலே தெரியுது. நான் நம்பறேன். தனிப்பட்ட முறையில எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா நான் நம்பறதுக்கும் கோப்பு நம்பறதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"கோப்பு எப்ப சார் நம்பும்?"

"அது கனத்தைப் பொறுத்தது."

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'உறவின் மெய்ம்மை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. நான்கு புகைப்படங்களிலும் இருவரும் சிரித்தவண்ணம் உள்ளனர். இது இயல்பான இல்லறத்தோடு பொருந்துவதாக இல்லை.' அவன் அதை வீடியோவில் மனைவிக்குப் படித்துக் காட்டினான்.

"மெய்ம்மைன்னா என்ன?" என்று அவள் கேட்டாள்.

"உண்மை."

"அப்ப ஏன் உண்மைன்னு எழுதலை?"

அவன் பிறந்ததிலிருந்து தான் பேசிவந்த மொழியைப் பற்றி முதல்முறையாக யோசித்தான்.

வக்கீல் வைக்கலாமா வேண்டாமா என்று அப்போதுதான் பேச்சு வந்தது. கம்பெனியில் அவனுக்கு மூத்தவர், கேபிள் வேலை பார்ப்பவர், வேண்டாம் என்றார். "பொய் சொல்றவனுக்குத்தான்ப்பா வக்கீல். நீ உண்மையைத்தானே சொல்ற?"

அவனுடைய அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். ஊசி இறங்கும் நேரத்தில் ஜனங்கள் கவனத்தைத் திருப்ப என்னென்னவோ பேசுவார்கள் என்பதால், ஊரில் யார் கோப்பு எங்கே நிற்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் கேபிள்காரரின் கருத்தை ஏற்கவில்லை. "உண்மை சொல்றவனுக்குத்தான்டா வக்கீல் வேணும். பொய் சொல்றவன் தானே எல்லாத்தையும் நல்லா தயார் பண்ணிக்குவான்."

இதில் இருந்த நியாயத்தை அவனால் மறுக்க முடியவில்லை. அக்கா சொன்ன வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தான்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. நாற்பது வயது, ஒற்றை ஆள். சட்டப் புத்தகங்கள் உயர வரிசைப்படி அடுக்கியிருந்தன. மேஜையில் ஒரு அளவுகோல். எதையும் எண் போட்டுத்தான் பேசுவார்.

"முதலாவது, இனிமே நீங்க யார்கிட்டயும் எதையும் பேசக் கூடாது. ரெண்டாவது, என்கிட்ட எல்லாத்தையும் பேசணும். மூணாவது, பேசினதை எழுதிக் குடுத்துடணும்."

"நாங்க நிஜமாவே கல்யாணம் பண்ணிக்கிட்டோம் மேடம்."

"அது உங்க சொந்த விஷயம். அதுல நான் தலையிட மாட்டேன். காகிதத்துல பண்ணிக்கிட்டீங்களாங்கறதுதான் என் கேள்வி. பதினோரு பக்கத்துல ஒரு சைக்கிளைக்கூடப் பேர் மாத்த முடியாதுங்க."

அடுத்த ஒரு மாதத்தில் அவனுடைய காதல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. லிப்ட் நின்றுபோன நாளின் பழுதுப் பதிவேட்டு நகல், அவள் அவன் பல்லைச் சரிசெய்ய எடுத்த அச்சின் படம், இருவரும் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகள் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை. எல்லாம் 'இணைப்பு அ' என்று தொடங்கி, 'ஔ'வில் உயிரெழுத்து தீர்ந்துபோய், 'க, ங, ச' என்று உயிர்மெய்யெழுத்துப் பக்கம் போயின. சிரிப்புப் பிரச்சினைக்காக இருவரும் வீடியோவில் சிரிக்காமல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிக்காமல் இருக்க வரவில்லை. பல் வேலை செய்கிறவள். வாயைத் திறந்து காட்டிப் பழகிவிட்டாள். ஏழாவது முயற்சியில் ஒருவழியாக முகத்தைத் தொங்கப் போட்டாள்.

மதிப்பீட்டாளர் அந்தக் காகிதக் கட்டை இரண்டு கையாலும் வாங்கினார். சிறிது நேரம் மடியிலேயே வைத்திருந்தார். பிறகு பக்கங்களைப் புரட்டினார்.

"யாருங்க உங்க வக்கீல்?"

அவன் சொன்னான்.

"ஒவ்வொரு பக்கத்துலயும் ஓரம் சரியா ஒரு அங்குலம் விட்டிருக்காங்க. அளந்துதான் விட்டிருக்கணும். பொருளடக்கம் இருக்கு. பொருளடக்கத்துக்கு ஒரு பொருளடக்கம் இருக்கு." ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பத்தொன்பது வருஷத்துல நான் இப்படி ஒண்ணைப் பாத்ததில்லை."

"அப்ப அனுமதி குடுத்துடுவீங்களா சார்?"

"இவ்வளவு நல்ல மனுவை உடனே ஏத்துக்கிட்டா அது அந்த மனுவுக்கே மரியாதை இல்லைங்க" என்றார் மதிப்பீட்டாளர்.

பதினேழு ஆட்சேபணைகள் வந்தன. சிரிக்காத படத்தில் கருத்து வேறுபாட்டின் சாயல் தெரிகிறது என்பது ஒன்று. லிப்ட் பழுதுப் பதிவேட்டில் 'பயணி பத்திரமாக மீட்கப்பட்டார்' என்று மட்டுமே இருக்கிறது, நேசம் ஏற்பட்டதாகக் குறிப்பில்லை என்பது இன்னொன்று. மிகப் பெரிய ஆட்சேபணை பதினேழாவது. அதற்காகவே நேர்முக விசாரணை வைத்தார். வக்கீலம்மாவும் மதிப்பீட்டாளரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இணைப்பு ஊ, பக்கம் எழுபத்து மூணு" என்று மதிப்பீட்டாளர் ஆரம்பித்தார். "மனைவி கேக்கறாங்க: 'நான் பக்கத்துல இல்லாம கஷ்டமா இருக்கா?' கணவர் பதில்: 'ம்'. வெறும் 'ம்'. இந்த மாதிரி இந்தக் கட்டுல மட்டும் ஆயிரத்து நூத்து நாப்பது இருக்கு. எண்ணிட்டேன்."

"ஆமா சார்" என்றான் மெக்கானிக்.

"இது ஆமாவா? இல்லை, கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தமா? இல்லை, வேற வேலையா இருக்கேன், ஆளை விடுன்னு அர்த்தமா?"

"உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்களும் தமிழ்தானே."

"எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாது."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முதலாவது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒன்பது செகண்ட் இடைவெளி இருக்கு. நேரம் பதிவாகியிருக்கு. ஆளை விடுன்னு நினைக்கறவர் ஒன்பது செகண்ட் யோசிக்க மாட்டார், உடனே போட்டுட்டுப் போயிடுவார். ரெண்டாவது, அந்த 'ம்'க்கு அப்புறம் இன்னொரு 'ம்' தனியா வருது. ஒருத்தர் தன் 'ம்'மைத் தானே ஆமோதிக்கறார். இது சாதாரண நிலைமை இல்லைங்க."

மதிப்பீட்டாளர் பச்சைப் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுத்துல குடுக்க முடியுமா?"

"எத்தனை பக்கம் வேணும்?"

இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். சண்டை வரப்போகிறது என்று மெக்கானிக் நினைத்தான்.

சண்டை வரவில்லை. 'ம் குறித்த விளக்கவுரை' ஒன்பது பக்கத்தில் போயிற்று. அதில் 'ம்'கள் ஆறு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மதிப்பீட்டாளர் பன்னிரண்டு பக்கத்தில் பதில் எழுதினார்: 'ம்ம்' என்பது ஒன்றா இரண்டா, ஏழாவது வகை உண்டா. வக்கீலம்மா பதினைந்து பக்கத்தில் ஏழாவது வகை உண்டு என்று நிறுவினார். ஒரு வாரம் அங்கிருந்து ஒரு கடிதம், மறு வாரம் இங்கிருந்து ஒரு கடிதம். நகல்கள் மெக்கானிக்குக்கு வந்தன. அவனுக்கு ஒன்றும் புரியாததால் அப்படியே மனைவிக்கு அனுப்பிவிடுவான்.

அவளுக்கு அதுவே தமிழ்ப் பாடப்புத்தகம் ஆயிற்று. நல்ல தமிழ், பிழையில்லாத தமிழ், வாரம் தவறாமல் வருகிற தமிழ். ஒரு நாள் வீடியோவில், "பார்வையில் கண்ட தங்கள் இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இன்னொரு நாள், "மேற்படி விஷயமாக எனக்குப் பசிக்குது, சாப்பிட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனாள். அக்கா போனைப் பிடுங்கிப் பேசியபோது, "அக்கா அவர்களின் உடல்நலம் அறிய ஆவல்" என்றாள். அக்கா போனைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்து, "இவ என்னடா தாசில்தார் மாதிரி பேசறா" என்றாள்.

இதற்கு நடுவில் அவன் பத்து நாள் விடுப்பு எடுத்துப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவள் வீடியோவில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னன்னா" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் கடிதத்தமிழ் கைகொடுக்கவில்லை. "நான் அம்மா ஆகப் போறேன். நீங்க அப்பா."

அவன் 'ம்' என்றுகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி போன் முன்னால் வந்து, "நிஜமாவா" என்றான். அவள் சிரித்தாள். எட்டாம் மாதம் தொடங்கிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் நாள் எண்ண ஆரம்பித்தான். மருத்துவச் சான்றோடு நாலு மாடியும் ஓடி ஏறினான். வக்கீலம்மா பின்னால் வந்தார்.

"சந்தோஷம்" என்றார் மதிப்பீட்டாளர், உண்மையிலேயே சந்தோஷமாக. "ஆனா உறவுக்கு ஆதாரமா என்னென்ன காட்டலாம்ங்கற நிபந்தனை இருபத்து ரெண்டுல கர்ப்பம் வராதுங்க. 'கூட்டாக ஈட்டிய அசையும், அசையாச் சொத்து'ன்னுதான் இருக்கு."

"அசையும் சொத்துல வரும்" என்றார் வக்கீலம்மா. "அஞ்சாம் மாசத்துலேர்ந்து அசையும். ஸ்கேன் இருக்கு."

மதிப்பீட்டாளர் சிரித்துவிட்டார். அந்த அறையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். மதிப்பீட்டாளர் சுதாரித்துக்கொண்டு, "எழுத்துல குடுங்க" என்றார். "விரிவா குடுங்க."

ஐந்தாம் மாதம் போயிற்று. ஆறாம் மாதம் பாதி போயிற்று. ஆட்சேபணைகள் குறையவில்லை, ஆனால் அவற்றின் போக்கு மாறிவிட்டது. 'பக்கம் நூற்று நான்கில் தாங்கள் இட்டுள்ள அரைப்புள்ளி மிகவும் பொருத்தமாக உள்ளது. எனினும் அதன் காரணத்தை அறிய விழைகிறேன்' என்று ஒரு கடிதம் வந்தது. ஒரு விசாரணை நாளில் வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்ததால் மெக்கானிக் தனியாகப் போனான். மதிப்பீட்டாளர் அவனுக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்தார்.

"அவங்க வரலையா?"

"ஜலதோஷம் சார்."

"ஜுரம் இல்லையே?"

"இல்லை சார். சார், என் மனைவிக்கு ஆறு மாசம் முடியப் போகுது."

"ஆவி பிடிக்கச் சொல்லுங்க" என்றார் மதிப்பீட்டாளர். யாரை என்று சொல்லவில்லை. விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்து அவன் அக்காவிடம் பொருமினான். "நானே நேரா மந்திரி ஆபீஸ் வாசல்ல போய் உக்காரப் போறேன். வக்கீலும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் குழந்தை அங்க பொறந்து, அதுக்கும் தனியா ஒரு கோப்பு போட்டு, அது என்னைப் பாத்து எப்பவாச்சும் சிரிச்சிருக்கான்னு இவங்க கேப்பாங்க."

அக்கா தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மனைவி வீடியோவில் வந்தாள். அவள் முன்னால் கடித நகல்கள் எல்லாம் பல் வரிசை மாதிரி பரப்பியிருந்தன.

"இந்த ஆள் கோப்பை முடிக்க மாட்டார்" என்றாள்.

"ஏன்?"

"முதல் கடிதம் 'இப்படிக்கு'ன்னு முடியுது. அஞ்சாவது 'தங்கள் உண்மையுள்ள'. போன வாரக் கடிதம் 'தங்கள் அடுத்த விளக்கத்தை ஆவலுடன் எதிர்நோக்கி'. வக்கீலம்மா கடிதமும் அப்படித்தான். முதல்ல 'ஐயா'. இப்ப 'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு'. நடுவுல 'தங்கள் கூர்மையான பார்வை'ன்னு மூணு தடவை வருது. உங்க மனு கடைசிப் பத்தியில மட்டும்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் தமிழ்க்காரங்கதானே, படிக்கலையா?"

அக்கா தம்பியிடமிருந்த நகல்களை வாங்கிப் பார்த்தாள். "அட ஆமா" என்றாள். "கோப்பை மூடிட்டா இவங்க எதைச் சாக்கு வெச்சு எழுதிக்குவாங்க?"

மெக்கானிக்குக்கு மெல்ல விளங்கியது. பன்னிரண்டு மாதமாகத் தன் காதலை நிரூபிக்கிறார்கள் என்று நினைத்திருந்தான். "அப்ப வக்கீலை மாத்திடலாம்" என்றான்.

"மாத்தினா அவர் மனசு ஒடிஞ்சு நிராகரிச்சுடுவார்" என்றாள் மனைவி. "மேல் வரிசையும் கீழ் வரிசையும் பொருந்துதான்னு பாக்கறதுதான் என் வேலை. இவங்க பொருந்தறாங்க. நான் ஒரு கடிதம் எழுதறேன். நீங்க கொண்டுபோய்க் குடுங்க."

அவள் எழுதிய கடிதம் ஒரே பக்கம். ஓரம் சரியாக ஒரு அங்குலம் விட்டிருந்தாள்.

'பெறுநர்: மதிப்பீட்டாளர் அவர்கள். நகல்: வழக்கறிஞர் அவர்கள். பொருள்: கடிதப் போக்குவரத்தைத் தொடர்வது குறித்து.

பார்வையில் கண்டுள்ள முப்பத்தொன்பது கடிதங்களையும் முழுமையாகப் படித்தேன். அவற்றின் வாயிலாக இரு நபர்களுக்கிடையே உண்மையான, தொடர்ச்சியான, பரஸ்பர மதிப்புள்ள உறவு ஏற்பட்டுள்ளது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. அந்த இருவர் நானும் என் கணவரும் அல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி போக்குவரத்தைத் தொடர எங்கள் கோப்பு திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அஞ்சல் தலை போதுமானது. மாலை நேரத்தில் நேரிலும் தொடரலாம். அதற்கு விதிகளில் தடை ஏதும் காணப்படவில்லை. எனக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

மதிப்பீட்டாளர் அதை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. மூன்று பேனாவையும் எடுத்துப் பையில் குத்திக்கொண்டார், ஒன்று மூடியில்லாமல். சட்டையில் பச்சை பரவியது.

"நகல் அவங்களுக்கும் போயிருக்கா?"

"போயிருக்கு சார். இங்க வர்ற வழியிலதான் குடுத்துட்டு வந்தேன்."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க சார். முதலாவது, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. ரெண்டாவது, மறுபடியும் படிச்சாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

மெக்கானிக் யோசித்தான். உண்மையை உள்ளபடி சொல்லிப் பழகியவன். "'ம்'னாங்க சார்."

மதிப்பீட்டாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "எந்த வகை?"

"அது எனக்குத் தெரியலை சார். நீங்கதான் நேர்ல போய்க் கேக்கணும்."

மதிப்பீட்டாளர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முறையான குரலில் பேசினார். "விதி நாப்பத்தொண்ணு. மதிப்பீட்டாளருக்குச் சொந்த ஈடுபாடு உள்ள கோப்பை அவர் கையாளக் கூடாது. இதை நான் இப்பவே அடுத்த மேஜைக்கு மாத்தணும்." அவர் சொல்லும்போது அவமானப்பட்டவர் மாதிரி இல்லை. பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி இருந்தார். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கிடம் அந்தக் கண்ணாடிக் கடைக்கு எந்தப் பஸ் போகும் என்று கேட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார். பத்தொன்பது வருடத்தில் அது அவருடைய முதல் அரைநாள் விடுப்பு என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த மேஜையில் ஒரு அம்மாள் டிபன்பாக்ஸ் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். கட்டு அறுநூற்றுச் சொச்சம் பக்கமாகிக் கயிற்றில் பிதுங்கியது. அவர் கயிற்றை அவிழ்த்து மேலிருந்த பதினோரு பக்கத்தைப் படித்தார். சாப்பாட்டில் கை வைக்குமுன் முடித்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். நாலு நிமிடம் ஆயிற்று.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார். "போன வருஷமே குடுத்திருக்கலாமே. இந்த மீதிப் பேப்பரெல்லாம் எதுக்கு?"

"வக்கீல் வெச்சிருந்தோம் மேடம்."

"ஓ" என்றார் அந்த அம்மாள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர் மாதிரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்தார்.

ஏழாம் மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில் அவள் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவர் வந்த காரணம் கேட்டதற்கு, "கணவருடன் நிரந்தரமாக வசிக்கும் பொருட்டு வருகை தந்துள்ளேன்" என்றாள். அவர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். வெளியே மெக்கானிக் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்கு முன்கூட்டியே தயார் செய்துவைத்திருந்தது எதுவும் வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டான். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டான். பக்கத்தில் அக்கா வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

குழந்தை பெண். அவள் பிறந்து இரண்டு மாதத்தில் வக்கீலம்மாவும் மதிப்பீட்டாளரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மெக்கானிக்கும் மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் ஒரே பக்கத்தில் முடித்துவிட்டதில் மணமக்கள் இருவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். இணைப்பு ஏதும் வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து மனைவியின் குடியிருப்பு அட்டையை வாங்க மெக்கானிக் அதே படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் போலிருக்கிறது; செருப்பெல்லாம் மாவு. கையில் மெல்லிய ஒரு உறை.

"அண்ணே, நீங்க இங்க வந்து போயிருக்கீங்களா? என் சம்சாரத்தை வெளிநாட்டுலேர்ந்து கூட்டிட்டு வரணும். வக்கீல் வெக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. வக்கீலால பிரயோஜனம் உண்டாண்ணே?"

மெக்கானிக் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இது யாருக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"உண்டு. எங்க வக்கீலம்மாவால ரொம்பப் பிரயோஜனம்."

"அப்ப உங்களுக்குச் சீக்கிரம் முடிஞ்சுதா?"

"எனக்கில்லை. உங்களுக்கு."

பேக்கரிக்காரர் விழித்தார்.

"அந்த மதிப்பீட்டாளரை இப்ப வீட்டுல அஞ்சரைக்கெல்லாம் எதிர்பாக்கறாங்க" என்றான் மெக்கானிக். "லேட்டாப் போனா எழுத்துமூலமா விளக்கம் கேக்கறாங்களாம். நாலரை மணிக்கு மேல எந்தப் பேப்பரைக் குடுத்தாலும் படிச்சதும் கையெழுத்துப் போட்டுடறார். உங்ககிட்ட எத்தனை பக்கம் இருக்கு?"

"பன்னெண்டு."

"ஒண்ணு ஜாஸ்தி. பரவாயில்லை."

பேக்கரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு முப்பத்தைந்து. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீதிப் படிகளை இரண்டு இரண்டாக ஏறிப் போனார்.